கயித்துக்கு அந்தப் பக்கம்

கண்ணா? எனக்கில்ல டீச்சர். எனக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. உள்ள போயிருக்கா பாருங்க எங்க பெரியவ, அவளுக்குத்தான். பெரியவன்னா என் வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். பவளக்கொடின்னு பேரு. ஓரகத்தின்னாலும் நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன், கட்டி வந்த நாள்லருந்து. என் பேரு வேலுத்தாயி.

உங்கப்பாவுக்குப் புரையா? அது ஒண்ணுமில்ல, அரை மணி நேரத்துல முடிச்சிருவாங்க. இவளுக்கு அப்படி இல்ல. இடது கண்ணையே எடுத்துட்டாங்க. எட்டு மாசமாச்சு. இன்னைக்குப் பொய்க்கண்ணு வைக்கிறாங்க. உள்ள ஒரு தம்பி உக்காந்து நெசக் கண்ணப் பாத்துப் பாத்து அதுக்குச் சாயம் தீட்டுறான். காலைல ஒம்பது மணிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எம்புட்டு நேரம்தான் தீட்டுவானோ.

எப்படிப் போச்சுன்னா... பாட்டில் வெடிச்சிருச்சு டீச்சர். வெடிச்சுக் கண்ணாடி உள்ள ஏறிருச்சு. போலீஸ்லயும் அப்படித்தான் எழுதியிருக்கு.

என்ன பாட்டிலா? சொன்னாச் சிரிப்பீங்க. குப்பையில கெடந்த பாட்டில்.

நாங்க மலைக்காரங்க. தேயிலை எஸ்டேட்டு. ஃபேக்டரிய மூடி ஆறு வருசமாச்சு. கம்பெனிக்காரன் கேஸு நடக்குதுன்னான், போயிட்டான். நாங்க வரிசையா குடியிருக்கிற லயன் வீட்ட மட்டும் யாரும் காலி பண்ணச் சொல்லல. பாதிப் பேரு திருப்பூருக்குப் போயிட்டாங்க. அக்கா புருசன் அதுக்கு முன்னாடியே மஞ்சக்காமாலையில செத்துப்போயிட்டாரு. என் வீட்டுக்காரரு கேரளாவுல இருக்காரு, மூணாறு பக்கம். நான் அடிச்சதாலதான் ஓடிட்டாருன்னு லயன்ல பேசிக்குவாங்க. ஒரே ஒரு தடவைதான் டீச்சர் அடிச்சேன். உலக்கையால. அதுக்கு ஓடுவாங்களா யாராச்சும்?

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஐப்பசியில ஒரு மழை பேஞ்சுச்சே, அந்த மழையில பெரிய பங்களாவுக்குக் கீழ இருந்த சரிவு பிச்சிக்கிட்டு வந்துருச்சு. வெள்ளைக்காரத் துரைமாரு காலத்துலருந்து பங்களாக் குப்பை பூராவும் அங்கதான் கொட்டியிருக்காங்க. மேல புல்லும் செடியும் மூடிக் கெடந்ததால எங்களுக்கே தெரியாது. அக்காதான் விறகுக்குப் போனவ பாத்துட்டு வந்தா. மடியில ஒரு கோலி சோடா பாட்டிலு, ஒரு வெள்ளைக்கல்லு ஜாடி, ஒரு பீங்கான் பொம்மையோட தலை. தலை மட்டும்தான், உடம்பு இல்ல. நான் தூரப் போடுன்னேன். அவ கழுவிச் சன்னல்ல வச்சா.

அடுத்த வாரம் காயலாங்கடை ஜெபமணி தகரம் எடுக்க வந்தாரு. சன்னலப் பாத்துட்டு வண்டிய நிப்பாட்டிட்டாரு. பழைய துரைமாரு சாமானுக்கு ஊட்டி, கொச்சின்னு கிராக்கி இருக்காம். ஓட்டல்ல அலமாரியில வைப்பாங்களாம், பணக்காரங்க சேத்து வைப்பாங்களாம். எழுத்து புடைச்சிருக்கிற மருந்து பாட்டிலு, மசிப் புட்டி, எனாமல் குவளை, விளக்கு மூடி, எது கெடைச்சாலும் உடையாமக் குடுங்கன்னாரு. போறப்ப ஒண்ணு சொன்னாரு. நீலப் பாட்டில் கெடைச்சா வேற யாருக்கும் காட்டாம எனக்குச் சொல்லி அனுப்புங்க, அதுக்குத்தான் பெரிய வெல. ஆறு பட்டையா இருக்கும், மேல வரி வரியா இருக்கும், விஷ மருந்து வைக்கிறது, இருட்டுல தொட்டாலும் தெரியணும்னு வரி போட்டிருப்பாங்கன்னாரு.

அன்னையிலருந்து அதுதான் எங்க பொழப்பு. தினம் வெளிச்சம் வந்ததும் கெளம்பிருவோம். அட்டை ஏறும், காலெல்லாம் ரத்தமா இருக்கும். மேல் மண்ண எடுத்தா ஒரு பிளாஸ்டிக் அடுக்கு. அதுக்குக் கீழ துருப்பிடிச்ச டப்பா. அதுக்கும் கீழ பங்களா அடுப்புக் கரி, சாம்பல். சாம்பலுக்குக் கீழதான் துரைமாரு சாமான் கெடக்கும். நான் கடப்பாரையப் போட்டா ஒரே போடு, மண்ணு பொலபொலன்னு விழும். அவ அப்படி இல்ல. ஒரு குச்சிய வச்சு மண்ணத் தட்டித் தட்டிப் பாப்பா. அப்புறம் விரலால சுத்திப் பறிப்பா. ஒரு பாட்டில எடுக்க ஒரு மணி நேரம். ஆனா உடையாது. என் கையில பத்துக்கு ஆறு உடையும். நான் வேகமா வேலை பாக்குறவ, அப்படித்தான் இருக்கும்.

நல்லாத்தான் போச்சு டீச்சர். எஸ்தாக்கி வர்ற வரைக்கும்.

அவன் பழைய எஸ்டேட் வாட்ச்மேன். கம்பெனி போனாலும் காக்கிச் சட்டையக் கழட்டல. ஒருநாள் தடியோட வந்து நின்னான்.

"யாரைக் கேட்டுத் தோண்டுறீங்க? இது எஸ்டேட்டு எடம்."

"எஸ்டேட்டு எங்கய்யா இருக்கு? காட்டு, போய்க் கேட்டுட்டு வர்றேன்"னேன் நான்.

அக்கா என் சீலையப் பிடிச்சு இழுத்தா. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்களும் வாங்க, சேந்து எடுப்போம்"னா. அவன் காதுல வாங்கல. பத்து நாளா எடுத்த சாமான் ஒரு சாக்குல இருந்துச்சு. அதத் தடியால ஓங்கி ஓங்கி அடிச்சான். உள்ள நொறுங்குற சத்தம் கேட்டுச்சு பாருங்க, என் பல்லெல்லாம் கூசிருச்சு. நாலு அடி அடிச்சான். அஞ்சாவது அடிக்கு நான் விடல. பாஞ்சு விழுந்தேன். ரெண்டு பேரும் சரிவுல உருண்டோம். கண்ணாடி மேலதான் உருண்டோம், முதுகு பூரா கிழிஞ்சிருச்சு. அவன் என் கழுத்தப் பிடிச்சான். என் வாய்க்குப் பக்கத்துல அவன் காது வந்துச்சு. கடிச்சேன். நான் வம்புக்குப் போற ஆளில்ல டீச்சர், வாய்க்குப் பக்கத்துல வந்தா என்ன செய்வேன்? கீழ் காது கையோட வந்துருச்சு. கையோடன்னா, வாயோட. ரத்தத்துல பீடி நாத்தம். துப்பிட்டேன்.

அக்கா என் முடியப் பிடிச்சு இழுத்துத்தான் பிரிச்சா. பிரிச்சிட்டு என்ன செஞ்சா தெரியுமா? அவ முந்தானையக் கிழிச்சு அவன் காதுக்குக் கட்டுப் போட்டா. என் முதுகுல கண்ணாடி குத்தி நிக்குது, அவ அவனுக்குக் கட்டுப் போடுறா. எனக்கு எப்படி இருக்கும்?

அப்புறம் பத்து நாள் சத்தமில்ல. பயந்துட்டான்னு நெனச்சேன். ஒருநாள் நான் கீழ ரேசன் கடைக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா அக்கா ஓடையில கைய விட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. தண்ணி செவப்பா போகுது.

"என்னக்கா?"

"வழுக்கி விழுந்துட்டேன்டி."

வழுக்கி விழுந்தா விரலு பின்னாடி திரும்பி நிக்குமா? சோத்துக்கையில நடுவிரலும் மோதிர விரலும் காஞ்ச மொளகா மாதிரி வளைஞ்சு கெடக்கு. அவ சொல்லல. பக்கத்து லயன் பொம்பளைங்க சொன்னாங்க. எஸ்தாக்கியும் அவன் மச்சானும் வந்து, கடிச்சவ எங்கன்னு கேட்டிருக்காங்க. இவ வாயத் திறக்கல. கைய ஒரு கல்லு மேல வச்சு, ஒருத்தன் அமுக்கிக்க, ஒருத்தன் தடியால அடிச்சிருக்கான். அப்பவும் இவ ரேசன் கடைன்னு சொல்லல.

எனக்கு அப்ப ஒண்ணுதான் தோணுச்சு. நான் அன்னைக்கு அவன அரைகுறையா விட்டுட்டேன். அதான் இவ்வளவும்.

கடப்பாரைய எடுத்துக்கிட்டு நேரா நடந்தேன். அக்கா பின்னாடியே ஓடி வந்தா, "வேணாம்டி வேலு, என் கைதானே, எனக்கில்லாத கோவம் உனக்கு எதுக்கு"ன்னு கத்திக்கிட்டே. பகல் பதினோரு மணி. அவன் டீக்கடை பெஞ்சுல உக்காந்து வடை தின்னுக்கிட்டிருந்தான். முழங்கால்ல போட்டேன். பச்சத் தேயிலைக் கட்டைய வெட்டுனா ஒரு சத்தம் வரும் பாருங்க, அதே சத்தம். பெஞ்சோட சாஞ்சான். ரெண்டாவது போட ஓங்குனேன், அவன் பொண்டாட்டி மரியபாக்கியம் எங்கிருந்தோ ஓடி வந்து அவன் மேல விழுந்தா. அவ தோள்ல பட்டுருச்சு. குறுக்க வந்தா படத்தானே செய்யும்? அவ என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. நான் என்னமோ அவ குடியக் கெடுத்த மாதிரி.

போலீசுக்குப் போனா ரெண்டு பக்கமும் உள்ள போகணும்னு சங்கத்துத் தலைவர் சொல்லி, கோயில் முன்னாடி உக்கார வச்சுப் பேசுனாங்க. சரிவுக்கு நடுவுல ஒரு நைலான் கயித்தக் கட்டிட்டாங்க. கிழக்கால நாங்க, மேற்கால எஸ்தாக்கி வீடு. கயித்துக்கு இந்தப் பக்கம் வர்றது எங்களுக்கு, அந்தப் பக்கம் வர்றது அவங்களுக்கு. அவன் கட்டுப் போட்ட காலோட மேல பாறையில உக்காந்திருப்பான். மரியபாக்கியம்தான் தோண்டுவா. அவளுக்கு ஒண்ணும் தெரியல. மம்பட்டியப் போட்டு எல்லாத்தையும் உடைச்சா. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு, பொய் சொல்லல.

எங்க அக்கா விட்டாளா? கோணிப்போன விரல வச்சுக்கிட்டு, கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டே அவளுக்குச் சொல்லிக் குடுக்கிறா. "மேலருந்து குத்தாத தாயி, பக்கவாட்டுல பறி. தண்ணி விட்டு ஊற விடு." அவளும் சரிக்கா சரிக்கான்னு கேட்டுக்கிறா. பாறையில உக்காந்திருக்கிறவன் பாத்துக்கிட்டே இருக்கான். நான் மண்ணு வெட்டுற மாதிரி வெட்டுறேன், என் வயிறு எரியுது. வீட்டுக்கு வந்து கேட்டா, "அவளும் நம்மள மாதிரிதானடி"ங்கிறா. இப்படி ஒருத்திகூட எப்படிக் குடும்பம் பண்றது, நீங்களே சொல்லுங்க.

அப்புறம் மாசி மாசம். நான் மேல சாக்குக் கட்டிக்கிட்டிருந்தேன். கீழ குனிஞ்சு பாத்தா அக்கா கயித்துக்கிட்ட மண்டி போட்டு உக்காந்திருக்கா. செடி வேருக்குள்ள கைய விட்டு ரொம்ப நேரம் பறிச்சுக்கிட்டிருந்தா. அப்புறம் எந்திரிச்சா. கையில வெயில் பட்டு நீலமா மின்னுச்சு. டீச்சர், அந்த நீலத்த நான் சொல்ல முடியாது. ஒரு வருசமா நான் தேடுன நீலம். முந்தானையால தொடைச்சா. ஒரு கீறல் இல்ல, வாயில தக்கை கூட அப்படியே இருக்கு.

நான் சந்தோசத்துல கத்தப் போறேன். அவ என்ன செய்யுறா? கயித்தத் தாண்டி மேற்கால நடக்கிறா. எஸ்தாக்கி வீட்டுப் பக்கம்.

ஓடுனேன். எறங்குற எறக்கத்துல ரெண்டு தடவை விழுந்தேன். எஸ்தாக்கி வீட்டு வாசலுக்கு இருபது அடி முன்னாடி மறிச்சுட்டேன்.

"எங்கக்கா போற?"

"இது கயித்துக்கு அந்தப் பக்கம் வந்துச்சுடி. ஒரு முழம் தள்ளி. வேரு வழியா என் கைக்கு வந்துருச்சு. அவங்களது."

"யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்ல."

"உன் விரல உடைச்சவனுக்குக் கொண்டு போய்க் குடுக்கப் போறியா?"

"ஆமா. குடுத்துட்டு வந்துர்றேன். இல்லன்னா ஒருநாள் நீ அவனக் கொன்னுருவ, இல்ல அவன் உன்னக் கொன்னுருவான். இதோட முடியட்டும் வேலு. வழிய விடு."

சத்தம் போட்டுக்கூடச் சொல்லல. வீட்டுல சோறு போடுறப்ப பேசுவாளே, அப்படிச் சொன்னா. நான் குடுன்னு பிடுங்கப் போனேன். குடுக்கல. என் பலத்துக்கு அவ எம்மாத்திரம், ஆனா குடுக்கல. கையில குட்டிக் கடப்பாரை இருந்துச்சு...

பாட்டிலத்தான் டீச்சர் அடிச்சேன். எனக்கில்லைன்னா அவனுக்கும் வேணாம்னு பாட்டிலத்தான் அடிச்சேன். அது வெடிச்சுருச்சு.

இடுப்புல வச்சிருந்தா. ஆமா, பாட்டில இடுப்போட அணைச்சு வச்சிருந்தா. அப்புறம் தூக்குனா. மூஞ்சிக்கு நேரா தூக்கிக்கிட்டா. அவ ஏன் தூக்கணும்? இடுப்புல இருந்தத எதுக்கு மூஞ்சிக்குக் கொண்டு போகணும்? ரெண்டு கையாலயும் இப்படிப் பிடிச்சு, இப்படி...

நான் ஓங்குனேன்ல. அதுக்குத்தான் தூக்கியிருப்பா.

தண்ணி இருக்கா டீச்சர்? குடுங்க. அண்ணாந்துதான் குடிப்பேன்.

அவ கத்தவே இல்ல. உக்காந்துட்டா. ரெண்டு கையையும் மூஞ்சியில வச்சுக்கிட்டா, விரலுக்கு நடுவுல ரத்தமும் நீலக் கண்ணாடியுமா வருது. மரியபாக்கியம்தான் கத்துனா. எஸ்தாக்கி நொண்டிக்கிட்டே எறங்கி வந்தான். அவன் துண்ட அவிழ்த்து அக்கா தலையச் சுத்திக் கட்டுனான். ஜீப்பு பிடிச்சு, அவ தலைய மடியில வச்சுக்கிட்டுக் கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான்.

நானா? நான் போகல. காப்பிச் செடிக்குள்ள போய் உக்காந்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் அங்கதான் இருந்தேன்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு எஸ்.ஐ. வந்தாரு. நான் வாசல்ல நிக்கிறேன். என்னைக் கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு மாத்துச்சீலை ஒண்ணு பையில எடுத்துட்டுத்தான் போயிருந்தேன். உள்ள பேசுறது கேக்குது.

"யாரும்மா அடிச்சது?"

"யாரும் அடிக்கல சார். பழைய பாட்டிலு. உள்ள என்னமோ மருந்து இருந்திருக்கு. தக்கையத் தொறந்தேன், வெடிச்சிருச்சு."

எஸ்.ஐ. நம்பல. பக்கத்துல நின்ன எஸ்தாக்கியக் கேட்டாரு, "நீ பாத்தியாய்யா?" அவன் வாசல் பக்கம் திரும்பி என்னைப் பாத்தான். அரைக் காதோட, நொண்டிக் காலோட நின்னு பாத்தான். சரி, இப்ப சொல்லப் போறான்னு நான் பையத் தோள்ல மாட்டிக்கிட்டேன். அவன் அக்காவப் பாத்தான். அவ ஒத்தக் கண்ணால அவனப் பாத்தா.

"வெடிச்சிருச்சு சார்"னான்.

ரெண்டு பேருமா சேந்து என்னைக் காப்பாத்திட்டாங்களாம். யாரு கேட்டா டீச்சர்? நான் கேட்டேனா? ஜெயிலுக்குப் போயிருந்தா ரெண்டு வருசமோ மூணு வருசமோ, இருந்துட்டு வந்திருப்பேன். எஸ்தாக்கி இப்ப வழியில பாத்தா, "அக்காவுக்கு எப்படி இருக்கு"ன்னு கேக்குறான். என்கிட்டயே கேக்குறான். நான் பதில் சொல்லியாக வேண்டியிருக்கு.

அவளாவது திட்டியிருக்கலாம். எட்டு மாசத்துல ஒரு வார்த்தை. நாசமாப் போவன்னு ஒரு வார்த்தை. "வேலு, உப்பு இருக்கா?" "வேலு, மழை வருது, துணிய எடு." இப்படியே பேசுறா. ஒரு நாள் எனக்குத் தாங்கல. அந்தக் கடப்பாரையவே எடுத்துட்டுப் போய் அவ கையில குடுத்தேன். "அடிக்கா. எங்க வேணும்னாலும் அடி. நான் தடுக்க மாட்டேன்"னு தலையக் குனிஞ்சு உக்காந்துட்டேன். வாங்கிக்கிட்டா. அப்புறம் வாசல்ல போயி, வாழைக்கன்னு வைக்க ஒரு குழி எடுத்தா. ஒரு பக்கம் தெரியலையா, குழி கோணலா வந்துச்சு. நான்தான் சரி பண்ணேன்.

இதுக்கு மேல ஒருத்திய எப்படி டீச்சர் கொடுமைப்படுத்துறது?

சரிவுல இப்ப கயிறு இல்ல. மரியபாக்கியமும் நானும் சேந்துதான் தோண்டுறோம். அவ என்கிட்டப் பேச மாட்டா, நானும் பேச மாட்டேன். அக்கா மேல பாறையில உக்காந்து சொல்லுவா, நாங்க ரெண்டு பேரும் எடுப்போம். நீலம் அப்புறம் வரவே இல்ல. எஸ்தாக்கி வீட்டு வாசல்ல அந்த நீலக் கண்ணாடித் துண்டுங்க ரொம்ப நாள் கெடந்துச்சு, மிதிச்சா காலு அறுக்கும்னு அவன் பொறுக்கிப் புதைச்சுட்டான்.

யாரக் கூப்பிடுறாங்க? பவளக்கொடி கூட வந்தது... நான்தான் சிஸ்டர். முடிஞ்சிருச்சா? வெளிய வரச் சொல்லுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு.

நான் எதுக்கு உள்ள வரணும்?

கண்ண மாட்டிட்டாங்களா. சரி. கலரு சரியா இருக்கான்னு பாக்கணுமா? அவளுக்கே ஒரு கண்ணாடியக் காட்டுங்க, பாத்துச் சொல்லுவா.

என்ன சொன்னா?

திரும்பச் சொல்லுங்க சிஸ்டர்.

‘என் மூஞ்சி எனக்கு என்ன தெரியும், இருபத்தாறு வருசமா பாத்துக்கிட்டிருக்கிறவ வெளிய உக்காந்திருக்கா, அவளக் கேளுங்க’ன்னு சொன்னாளா?

வர்றேன் சிஸ்டர். நீங்க போங்க. காலு மரத்துப்போச்சு, வந்துர்றேன்.

எட்டு மாசமா நான் அவ மூஞ்சிய நேரா பாத்ததில்ல டீச்சர். சோறு போட்டாத் தட்டத்தான் பாப்பேன். பஸ்ல வந்தா சன்னலப் பாத்துக்கிட்டு வருவேன். இப்பப் போயி, கிட்ட நின்னு, ரெண்டு கண்ணையும் மாத்தி மாத்திப் பாத்துச் சொல்லணுமாம்.

உங்கப்பா நல்லாத் தூங்குறாரு. எழுந்திரிக்க நேரமாகும்.

ரெண்டு நிமிசம் என்கூட உள்ள வர்றீங்களா? நீங்க பாத்துச் சொல்லுங்க. படிச்சவங்க, சரியாச் சொல்லுவீங்க. நான் உங்க பின்னாடி நின்னுக்கிறேன். கையக் குடுங்க டீச்சர், எந்திரிக்க முடியல.